நாடா பிடித்தவன்

மகுடாபிஷேக வருஷம், ஆனி மாசம்.
தடாவுக்குக் கிழக்கே ஏரி வற்றி
உப்புப் பூத்துக் கிடந்தது.
அதன்மேல் சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னார் துரை.
வெள்ளைமேல் வெள்ளை,
யார் கண்ணுக்கும் தெரியவில்லை.
பிறகு சாணி கரைத்துப் போட்டோம்.

நாலு தீவு ஆட்கள் படகை இழுத்துக்கொண்டும்
பாதி வழி சேற்றில் நடந்தும் வந்து சேர்ந்தார்கள்:
இருக்கம், வேணாடு, கோட்டா, குதிரி.
நாலுக்கும் ஒரே கொடி, ராஜாவினுடையது.
எது எந்தத் தீவு என்று துரைசானி கேட்டதும்
ஹெட்கிளார்க் பரந்தாமராவ்
கொடிக்கம்பில் தாரால் கோடு இழுத்தார்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவதற்குத் தார் போதவில்லை.
குதிரிக்காரர்கள் வெறுங்கம்போடு நடந்தார்கள்,
தங்களுக்கு மட்டும் ஏதோ சலுகை என்பதுபோல.

உயரம் தாண்ட ஓடக்கோல்.
குண்டு எறிய டிப்போவின் அரை மணங்கு எடைக்கல்.
கோட்டாவின் யானாதி ஒருவன் அதை வீசிய வீச்சில்
உப்புப் பொருக்கை உடைத்துக்கொண்டு
சேற்றுக்குள் போய்விட்டது கல்.
மூன்று பேர் தோண்டினோம், கிடைக்கவில்லை.
அளக்கக் கயிறு எடுத்து வந்தவன்
எதுவரை அளப்பது என்று நின்றான்.
(கல்லுக்கான காசை என் சம்பளத்தில்
ஐந்து மாசம் பிடித்தார்கள்.)

கடிகாரம் துரையிடம் ஒன்றுதான்.
முதலில் வருகிறவனுக்கு மட்டும் நேரம் எழுதுவார்கள்.
மற்றவர்கள்
நேரமே ஆகாமல் ஓடி முடிப்பார்கள்.

நானூற்று நாற்பது கஜ ஓட்டத்துக்கு
என்னை நாடா பிடிக்க நிறுத்தினார்கள்,
உப்பு இலாகா பியூன் எத்திராஜுலு, டவாலியோடு.
ஆறு பேர். ஆறு முகமும் எனக்குப் புதிது.
துப்பாக்கி வெடித்தது. கொக்குகள் எழும்பின.
வளைவில் அவர்கள் திரும்பியபோது
மூன்றாவது ஆளின் முதுகைப் பார்த்தேன்.

இடது தோள் கொஞ்சம் இறங்கின முதுகு.
இல்லாத மூட்டைக்கு இடம் விட்டு ஓடுகிற முதுகு.
மூன்று வருஷமாய்
கோழி கூப்பிடும் நேரத்தில்
நான் துரத்திய முதுகு.
உப்பைச் சுமந்துகொண்டே
என்னை நூறு கஜம் பின்னால் விட்டவன்.
இன்றைக்கு மூட்டையும் இல்லை.

"நில்லுடா, நில்லுடா" என்றே கத்திப் பழகின என் வாய்
சும்மா இருந்தது.
இருக்கத்துக் கூட்டம் "ஓடுடா தேசப்பா" என்றது.
கோட்டாக்காரர்கள் அவர்கள் ஆளைப் பார்த்து
"பரிகெத்துரா" என்றார்கள்.
தேசப்பன். பேர் தெரிந்துவிட்டது.

கடைசி வளைவு தாண்டினான்.
என்னை விட்டு ஓடியே பழகினவன்
என்னைப் பார்த்து ஓடி வந்தான்.
பல்லுக்கிடையில் நாக்கைக் கடித்திருந்தான்.
அம்மைத் தழும்பு. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.
இந்தப் பையனுக்கா
அத்தனை ரிப்போர்ட் எழுத வைத்தேன்?

பத்து கஜத்தில்
அவன் கண் என் நெஞ்சில் விழுந்தது,
பித்தளை வில்லையில்.
சும்மாயிருந்த கையால்
டவாலியை முதுகுப் பக்கம் தள்ளினேன்.
தள்ளத்தான் செய்தேன். ஆனால் அதற்குள்
கால் ஒன்று, அரை எட்டுதான், தயங்கிவிட்டது.
வேணாட்டானின் மார்பு நாடாவைத் தொட்டது.
துரை நேரம் எழுதினார்.

இரண்டாம் பரிசு
சர்க்கார் முத்திரை வைத்த அரை மூட்டை உப்பு.
துரைசானி சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.
இருக்கத்தார் யாரும் சிரிக்கவில்லை,
ஒரு கிழவன் மட்டும் இருமுவதுபோல முகத்தைத் திருப்பினான்.

சாயங்காலம் படகுப் பக்கம் போகையில்
என்னைக் கடந்தான் தேசப்பன்.
நான் கேட்காமலே மடியிலிருந்து
ரசீதை எடுத்துக் காட்டினான்.
படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி.
திருப்பிக் கொடுத்தேன்.

மூட்டையை இடது தோளில் ஏற்றிக்கொண்டு
நடந்தான்.
அந்த முதுகு நடந்து நான் பார்த்ததே இல்லை.
பழக்கதோஷம்,
என் கட்டைவிரல் உப்பில் ஊன்றிக்கொண்டது.